வாட்டர் கூலிங் கணினிக்கு அமைதியான ரேடியேட்டர் ஃபேன்: புதியவர்களுக்கான வழிகாட்டி

வாட்டர் கூலிங் மாட்டிவிட்டால் கணினி மூச்சே விடாது என்று நம்பி இறங்குபவர்கள், முதல் முறை கனமான கேம் ஒன்றை ஓடவிட்டதும் திகைத்துப் போவார்கள். தண்ணீர் செய்வது சுமைகூலி வேலை மட்டும்தான். பிராசசரிலும் கிராபிக்ஸ் கார்டிலும் வெப்பத்தை ஏற்றிக்கொண்டு ரேடியேட்டர் வரை கொண்டுபோய்ச் சேர்க்கும். அங்கிருந்து அதை அறைக்காற்றில் இறக்கி வைப்பது ஃபேன்களின் பொறுப்பு. இரைச்சலும் அங்கேதான் பிறக்கிறது.

எந்த ஃபேன் அமைதியானது என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். என் கணினியில் ஃபேன் எத்தனை சுற்றில் ஓட வேண்டியிருக்கும் என்று முதலில் கேளுங்கள். ஆகச் சிறந்த ஃபேனும் நிமிடத்துக்கு 1,800 சுற்றில் இரையத்தான் செய்யும். சுமாரான ஃபேன்கூட 700 சுற்றில் மேசைக்கடியில் இருப்பதே தெரியாது. பெட்டியில் ஆர்பிஎம் என்று அச்சிட்டிருப்பது இந்தச் சுற்றுக் கணக்கைத்தான். இந்தக் கட்டுரையில் சுற்று என்று வரும் இடமெல்லாம் அதுவே.

படி 1: வெப்பத்தையும் ரேடியேட்டர் பரப்பையும் ஒப்பிடுங்கள்

பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் எத்தனை வாட் எடுக்கின்றன என்று பாருங்கள். கண்காணிப்பு மென்பொருள் எதைத் திறந்தாலும் அந்த எண் தெரியும். பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். நீங்கள் வழக்கமாகச் செய்யும் கனமான வேலையை அரை மணி நேரம் ஓடவிட்டு, அப்போது காட்டும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வாட் முழுவதும் வெப்பமாகத்தான் வெளியே வரும். பிராசசருக்கு மட்டும் வாட்டர் கூலிங் என்றால் பிராசசர் எண் போதும். இரண்டும் ஒரே லூப்பில், அதாவது தண்ணீர் சுற்றிவரும் ஒரே பாதையில் இருந்தால் கூட்டிக்கொள்ளுங்கள்.

அமைதியை விரும்புபவர்களுக்கு ஒரு கைக்கணக்கு உண்டு: ரேடியேட்டரில் ஒரு 120 மி.மீ. பகுதிக்கு (120 மி.மீ. ஃபேன் ஒன்று பொருந்தும் இடம்) ஏறத்தாழ 100 வாட். ஃபேன்களை 1,000 சுற்றுக்குள் வைத்துக்கொண்டு சமாளிக்க இது ஓரளவு போதும். 240 ரேடியேட்டரில் இரண்டு 120 மி.மீ. பகுதிகள், 360-இல் மூன்று. 280 என்பது இரண்டு 140 மி.மீ., 420 என்பது மூன்று. 140 மி.மீ. பகுதி ஒன்று, 120 மி.மீ. பகுதியைவிட 36 சதவீதம் பெரியது. ஆகவே 280 ரேடியேட்டர் ஏறக்குறைய 360-க்கு நெருங்கி வரும்: ஒன்று 392 சதுர செ.மீ., மற்றது 432. கணினிப் பெட்டியில் 240, 280 இரண்டுக்கும் இடம் இருந்தால் யோசிக்காமல் 280 எடுக்கலாம். 300 வாட் கிராபிக்ஸ் கார்டுக்கு ஒற்றை 120 ரேடியேட்டர் என்பது யானைப் பசிக்குச் சோளப்பொரி. அதற்கு எந்த ஃபேன் வாங்கினாலும் அது கத்தியே தீரும்.

பரப்பு ஏன் இவ்வளவு முக்கியம்? ஃபேன் சுற்று இரட்டிப்பானால் இரைச்சல் சுமார் 15 டெசிபெல் ஏறும். 10 டெசிபெல் ஏறினாலே காதுக்கு இரு மடங்கு சத்தமாகப் படும். ஆனால் அதே சுற்றில் இன்னொரு ஃபேனைச் சேர்த்தால் 3 டெசிபெல்தான் கூடும். ஒன்றை மூன்றாக்கினால் 5-க்குச் சற்றுக் குறைவு. ஒரு எடுத்துக்காட்டு: 1,200 சுற்றில் இரண்டு ஃபேன், 800 சுற்றில் மூன்று ஃபேன். தடையில்லாத இடத்தில் இரண்டும் தள்ளும் மொத்தக் காற்று ஏறக்குறைய ஒன்றே. ஆனால் மூன்று ஃபேன் அமைப்பு 7 டெசிபெல் அளவுக்குத் தணிந்து ஒலிக்கும். விலை உயர்ந்த ஃபேனுக்கு மாறினாலும் இந்த அளவு வித்தியாசம் கிடைப்பது அரிது.

அதற்காகச் சுற்றை எவ்வளவு வேண்டுமானாலும் குறைத்துவிட முடியாது. மணிக்கு 100 கன மீட்டர் காற்று ரேடியேட்டருக்குள் போய் 300 வாட் வெப்பத்தை வாங்கினால், அந்தக் காற்று சுமார் 9 டிகிரி சூடாகி வெளியே வரும். காற்றைப் பாதியாக்கினால் 18 டிகிரி. தண்ணீர் அதைவிடவும் சூடாகத்தான் இருந்தாக வேண்டும். அறை வெப்பநிலையைவிடத் தண்ணீர் 10 முதல் 15 டிகிரி வரை கூடுதலாக இருப்பது நல்ல நிலை. 20 டிகிரியைத் தாண்டினால் ரேடியேட்டர் போதவில்லை அல்லது காற்று எங்கோ அடைபடுகிறது. பல பம்புகளுக்கும் மென்குழாய்களுக்கும் 60 டிகிரித் தண்ணீர்தான் உச்ச வரம்பு என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

படி 2: ரேடியேட்டரை உற்றுப் பாருங்கள்

ரேடியேட்டரின் குழாய்களுக்கு நடுவே மடிப்பு மடிப்பாக இருக்கும் மெல்லிய தகடுகளை ஃபின் என்பார்கள். ஓர் அங்குலத்துக்கு எத்தனை ஃபின் என்பது விவரப் பட்டியலில் எஃப்பிஐ என்ற பெயரில் இருக்கும். போட்டிருக்காவிட்டால் ஸ்கேலை வைத்து ஓர் அங்குலத்தில் எண்ணிவிடலாம். ஃபின்னை மட்டும் தொட்டு வளைத்துவிடாதீர்கள்.

எண்ணிக்கை 8 முதல் 13 வரை என்றால் ஃபின்கள் விரிந்திருக்கின்றன; மெதுவாகச் சுற்றும் ஃபேனின் காற்றும் தாராளமாகப் புகுந்து போகும். 14 முதல் 16 வரை நடுத்தரம். 20-ஐத் தாண்டினால் நெருக்கம். நெருக்கமான ரேடியேட்டர் வேகமான ஃபேனோடு சேரும்போது அதிக வெப்பத்தை இறக்கும். 700 சுற்றில் அந்த அனுகூலம் பெருமளவு கரைந்து போகும். பின்னே, காற்றே உள்ளே நுழையாவிட்டால் ஃபின் எத்தனை இருந்து என்ன பயன்?

தடிமனும் இதே கதைதான். எல்லாப் பாகமும் சேர்த்துக் கடையில் பூட்டியே வரும் ஏஐஓ (ஆல்-இன்-ஒன்) வகைகளில் பெரும்பாலும் 27 மி.மீ. அளவு இருக்கும். பாகங்களைத் தனித்தனியே வாங்கி நாமே அமைக்கும் கஸ்டம் லூப்புக்கு 30, 45, 60 மி.மீ. எனக் கிடைக்கும். மெதுவான ஃபேனுக்கு 30 மி.மீ. தடிமனும் விரிந்த ஃபின்னும் நல்ல ஜோடி. தடிமனில் இரு மடங்கு போனால் குளிர்ச்சி இரு மடங்காகாது. ஃபின்னுக்குள் பாதி தூரம் போகும்போதே காற்று சூடேறிவிடுகிறது. மீதித் தூரத்தில் அதனால் வாங்க முடிவது கொஞ்சம்தான். இடம் இருந்தால் தடிமனைவிட அகலத்துக்கும் நீளத்துக்கும் செலவிடுவது புத்திசாலித்தனம்.

படி 3: பெட்டியில் உள்ள எண்களை நம்பும் முறை

ஃபேன் பெட்டியில் மூன்று எண்கள் கண்ணைப் பறிக்கும்: காற்றோட்டம், நிலை அழுத்தம், டெசிபெல். மூன்றிலும் ஒரு சூது இருக்கிறது.

காற்றோட்டம் என்பது முன்னும் பின்னும் எதுவும் இல்லாமல் ஃபேனை ஓடவிட்டு அளந்தது. சிஎஃப்எம் என்று போட்டிருந்தால் 1.7-ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கன மீட்டர் என்று வந்துவிடும். நிலை அழுத்தமோ வாயை முழுதாக அடைத்துவிட்டு, ஒரு சொட்டுக் காற்றும் நகராத நிலையில் அளந்தது, அதை மி.மீ. நீர் உயரத்தில் சொல்வார்கள். ஒரே நேரத்தில் இரண்டையும் எந்த ஃபேனும் தராது. ரேடியேட்டரில் மாட்டியதும் இரண்டுக்கும் இடையே எங்கோ ஒரு புள்ளியில் நிற்கும். அதனால் காற்றோட்டம் மட்டும் பெரிதாக இருந்து அழுத்தம் ஒரு மி.மீ. அளவிலேயே இருக்கும் ஃபேன் கணினிப் பெட்டியில் காற்று வாங்கவும் விடவும் உதவும், ரேடியேட்டரில் திணறும். உச்ச வேகத்தில் 2 மி.மீ.க்கு மேல் அழுத்தம் உள்ள 120 மி.மீ. ஃபேன்களை எடுத்துப் பாருங்கள். நாக்டுவாவின் என்எஃப்-ஏ12எக்ஸ்25 வகை 2,000 சுற்றில் 2.34 மி.மீ. அழுத்தமும் மணிக்கு 102 கன மீட்டர் காற்றும் தருவதாக அதன் விவரப் பட்டியல் சொல்கிறது. மற்ற ஃபேன்களோடு ஒப்பிட இதை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்த அழுத்தம் எந்தச் சுற்றில் கிடைக்கிறது என்று பார்க்க மறக்காதீர்கள். சுற்றைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும். அழுத்தமோ கால் பங்காகச் சரிந்துவிடும். 3,000 சுற்றில் 5 மி.மீ. அழுத்தம் என்று பறைசாற்றும் ஃபேனை நீங்கள் 1,000 சுற்றில் ஓட்டினால் மிஞ்சுவது அரை மி.மீ.யைச் சற்றே தாண்டும். மேலே சொன்ன ஃபேன் அதே 1,000 சுற்றில் ஏறக்குறைய 0.6 மி.மீ. தரும். பெட்டியில் மலையும் மடுவுமாகத் தெரிந்த இரண்டு ஃபேன்கள் நீங்கள் ஓட்டும் வேகத்தில் தோளுக்குத் தோள் நிற்கின்றன. வாங்கும் முன் எல்லா ஃபேனையும் ஒரே சுற்றுக்கு இப்படி இறக்கி ஒப்பிடுங்கள். வேண்டியது ஒரு கால்குலேட்டர்தான்.

டெசிபெல் எண்ணை நான்கு நிறுவனங்கள் நான்கு விதமாக அளக்கின்றன. எவ்வளவு தூரத்திலிருந்து, எந்த அறையில், எந்த வேகத்தில் என்பதெல்லாம் மாறும். தூரத்தை இரட்டிப்பாக்கினாலே 6 டெசிபெல் குறைந்துவிடும் என்றால் மற்றதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களை ஒப்பிட அந்த எண் உதவும். வேறு வேறு நிறுவனங்களை ஒப்பிட உதவாது. ரேடியேட்டரில் மாட்டி, ஒரே இரைச்சல் அளவில் வைத்து வெப்பநிலையை ஒப்பிட்டிருக்கும் சோதனைகளைத் தேடிப் படியுங்கள். உச்ச வேகத்தில் செய்த ஒப்பீட்டைப் புரட்டிவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

படி 4: ஃபேனைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது

சட்டம் முழுச் சதுரமாக இருக்கிறதா என்று பாருங்கள். மூலைகள் வெட்டி வட்டமாகச் செய்த சட்டம் பார்க்க அழகு, ரேடியேட்டருக்கு ஆகாது. அந்த இடைவெளி வழியே காற்று பின்னோக்கிக் கசியும். மூலையில் தடித்த ரப்பர் பட்டை இருக்கும் ஃபேன்களிலும் இதே தொல்லை: நான்கு மூலை மட்டும் ரேடியேட்டரைத் தொட, நடுவில் நாலு பக்கமும் ஒரு மி.மீ. சந்து விழும். சட்டத்தின் விளிம்பு முழுவதும் ஓடும் மெல்லிய ரப்பர் அல்லது நுரைச் சட்டம் தனியாகக் கிடைக்கிறது. மிகச் சிறிய செலவில் பெரிய பலன் தரும் பொருள் அது.

இறக்கை நுனிக்கும் சட்டத்துக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அது குறைவாக இருந்தால் அழுத்தம் எதிர்த்தாலும் காற்று நுனி வழியே நழுவிப் பின்னால் வராது. முன்னே சொன்ன நாக்டுவா ஃபேனில் அது அரை மி.மீ.தான். அத்தனை நெருக்கத்தில் சுழல இறக்கை வளையாத பொருளாக இருக்க வேண்டும். அத்தகைய ஃபேன்களின் விலைக்கு ஒரு காரணம் அது.

பேரிங் (இறக்கையின் அச்சைத் தாங்கிச் சுழலவிடும் பகுதி) எந்த வகை என்றும் படித்துவிடுங்கள். சாதாரண ஸ்லீவ் பேரிங் புதிதில் அமைதியாக இருக்கும். ரேடியேட்டரைக் கணினிப் பெட்டியின் கூரையில் மாட்டி ஃபேன் படுத்த நிலையில் ஓடும்போது எண்ணெய் ஒருபுறம் ஒதுங்கிச் சீக்கிரம் கரகரக்கத் தொடங்கும். பால் பேரிங் உழைக்கும், ஆனால் மெதுவான வேகத்தில் அதன் சிறு உருளல் ஓசை தனியாகக் கேட்கும். திரவ அழுத்த வகையும் காந்தத்தில் மிதக்கும் வகையும் எந்த நிலையிலும் ஓடும். அமைதி வேண்டுமென்றால் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

தடிமன் வழக்கமாக 25 மி.மீ. இடம் இருந்தால் ஃபேன்டெக்ஸ் டி30 போன்ற 30 மி.மீ. ஃபேன்கள் அதே சுற்றில் கூடுதல் அழுத்தம் தரும். 15 மி.மீ. மெல்லிய ஃபேனை வேறு வழியே இல்லாதபோது மட்டும் எடுங்கள். அதே வேலைக்கு அது வேகமாகச் சுற்ற வேண்டியிருக்கும்.

குறைந்தபட்ச வேகத்தைப் பலர் பார்ப்பதே இல்லை. கணினி சும்மா இருக்கும் நேரம்தான் அதிகம், அந்த நேரத்தில் ஃபேன் 400 அல்லது 500 சுற்றுக்கு இறங்கத் தெரிந்திருக்க வேண்டும். 900-க்குக் கீழே இறங்காத ஃபேன் உச்ச வேகத்தில் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் இரவு நேரத்தில் எரிச்சல்தான்.

படி 5: டெசிபெல்லில் அடங்காத ஓசை

ஒரே அளவு சத்தம் போடும் இரண்டு ஃபேன்களில் ஒன்றை மறந்துவிட முடிகிறது, மற்றது நெற்றிப்பொட்டில் குத்துகிறது. ஏன்? காற்று உரசும் சீரான இரைச்சலைக் காது சீக்கிரம் பழகிவிடும். ஒற்றைச் சுரம்போல் நிற்கும் ரீங்காரத்தைப் பழகாது.

அந்தச் சுரம் எங்கிருந்து வருகிறது என்று கணக்குப் போடலாம். 9 இறக்கை ஃபேன் 1,000 சுற்றில் ஓடினால் ஒரு நொடிக்கு 16.7 சுற்று, இறக்கைகள் நொடிக்கு 150 முறை மோட்டாரைத் தாங்கும் கம்பியைக் கடக்கின்றன. 150 ஹெர்ட்ஸில் ஒரு முனகல் பிறக்கும். உங்கள் கணினிப் பெட்டியின் தகடோ மேசையோ அதே அலைவரிசையில் அதிரக்கூடியதாக இருந்தால் முனகல் பெரிதாகும். பலருக்கும் ‘900-லும் 1,100-லும் சரியாக இருக்கிறது, 1,000-இல் மட்டும் முனகுகிறது’ என்ற அனுபவம் இருப்பது இதனால்தான். அந்த வேகத்தைத் தவிர்த்துவிடுவதே மருந்து. எப்படி என்பது படி 8-இல்.

பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் மூன்று ஃபேன்கள் 1,000, 1,008, 995 என்று சிறு வித்தியாசத்தில் ஓடும்போது ‘வூம்… வூம்…’ என்று ஏறி இறங்கும் அலை ஒன்று கேட்கும். ஃபேன் கெட்டுவிட்டது என்று நினைத்து மாற்ற ஓடாதீர்கள். ஒன்றின் வேகத்தை மட்டும் 50 சுற்று தள்ளி வைத்தால் அந்த அலை வேகமாகிக் கரைந்துவிடும். சில நிறுவனங்கள் இதற்காகவே சற்று வேக வித்தியாசத்தோடு ஜோடியாக ஃபேன் விற்கின்றன.

படி 6: தள்ளவா, இழுக்கவா

ஃபேன் காற்றை ரேடியேட்டருக்குள் தள்ளும்படி மாட்டலாம். மறுபுறத்திலிருந்து இழுக்கும்படியும் மாட்டலாம். குளிர்ச்சியில் பெரிய வேறுபாடு இருக்காது, ஓசையில் இருக்கும். ஃபேனின் வாய்ப்பக்கம் எதையாவது ஒட்டி இருந்தால் உள்ளே வரும் காற்று கலங்கி வரும், கலங்கிய காற்றை இறக்கை வெட்டும்போது சீறும். இழுக்கும் அமைப்பில் வாய்க்கு எதிரே ஃபின் இருக்கிறது. தள்ளும் அமைப்பில் வாய் திறந்திருக்கும். ஆனால் அங்கேயும் கணினிப் பெட்டியின் சல்லடைத் தகடு ஃபேனை ஒட்டி இருந்தால் அதே சீறல்தான்.

ஆகவே முதலில் தள்ளும் அமைப்பை முயலுங்கள், வாய்க்கும் தகட்டுக்கும் இடையே 5 முதல் 10 மி.மீ. இடைவெளி விடப் பாருங்கள். ஃபேன் அளவிலேயே வெற்றுச் சட்டம் கிடைக்கும். பழைய ஃபேனின் இறக்கையைக் கழற்றிவிட்டுச் சட்டத்தை மட்டும் இடையில் வைப்பவர்களும் உண்டு. இழுக்கும் அமைப்புக்கு ஒரு சாதகம்: தூசி படிவது ரேடியேட்டரின் திறந்த முகத்தில் என்பதால், ஃபேனைக் கழற்றாமலே சுத்தம் செய்துவிடலாம்.

இருபுறமும் ஃபேன் மாட்டுவது தடித்த, நெருக்கமான ஃபின் உள்ள ரேடியேட்டருக்குப் பொருந்தும். மெல்லிய 30 மி.மீ. ரேடியேட்டரில் ஃபேன் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கிக் கிடைப்பது சில டிகிரிகள்தான்.

புது ஃபேன் வாங்கும் முன் ஒரு சோதனை: கணினிப் பெட்டியின் முன்பக்க அல்லது மேற்பக்க மூடியைக் கழற்றிவிட்டு, அதே சுமை, அதே சுற்றில் தண்ணீர் வெப்பநிலையைப் பாருங்கள். 3, 4 டிகிரி இறங்கினால் குற்றவாளி மூடி. அந்த நிலையில் புது ஃபேன் வாங்குவது வீண் செலவு.

படி 7: பூட்டும்போது

ஃபேனின் சட்டத்தில் சிறு அம்புக்குறி இருக்கும். இல்லாவிட்டால் மோட்டாரைத் தாங்கும் கம்பிகள் உள்ள பக்கம் காற்று வெளியேறும் பக்கம் என்று கொள்ளலாம்.

திருகுதான் இந்த வேலையிலேயே ஆபத்தான பொருள். 25 மி.மீ. ஃபேனுக்கு 30 மி.மீ. திருகு, 5 மி.மீ. மட்டும் ரேடியேட்டருக்குள் இறங்கும். அதே திருகை 15 மி.மீ. மெல்லிய ஃபேனில் போட்டால் 15 மி.மீ. உள்ளே போய்த் தண்ணீர்க் குழாயைத் துளைத்துவிடும், ரேடியேட்டர் அன்றோடு முடிந்தது. 30 மி.மீ. ஃபேனுக்கு 35 மி.மீ. திருகு வேண்டும். சந்தேகம் இருந்தால் ரேடியேட்டர் இல்லாமல் ஃபேனில் மட்டும் திருகைச் செருகி, மறுபுறம் எவ்வளவு நீட்டுகிறது என்று அளந்து, துளையிலிருந்து குழாய் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதோடு ஒப்பிடுங்கள். சில ரேடியேட்டர்களில் துளைக்குக் கீழே காப்புத் தகடு இருக்கும். அதை நம்பி முரட்டுத்தனம் கூடாது. திருகின் புரி (மரை) எம்3 அளவா, 6-32 அளவா என்றும் பார்த்துவிடுங்கள். இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும், மாற்றிப் போட்டால் இரண்டு சுற்றில் சிக்கிப் புரி மழுங்கும்.

நான்கு திருகையும் முதலில் தளர்வாக மாட்டி, பிறகு மூலைக்கு மூலை மாற்றி மாற்றி இறுக்குங்கள். விரல் நுனியில் இறுகிய பிறகு கால் சுற்று போதும். அளவுக்கு மீறி இறுக்கினால் சட்டம் வளைந்து, நுனி இடைவெளி குறைந்த ஃபேன்களில் இறக்கை உரசத் தொடங்கும். பூட்டியதும் விரலால் இறக்கையைத் தட்டிவிட்டு, தடையின்றிச் சுற்றி நிற்கிறதா என்று பாருங்கள்.

மின் இணைப்பில் நான்கு ஊசி கொண்ட பிடபிள்யூஎம் வகை ஃபேன் (நான்காவது கம்பியில் வரும் துடிப்புச் சமிக்ஞையால் வேகம் மாறுவது) எடுங்கள். மூன்று ஊசி ஃபேனின் வேகத்தைக் குறைக்க மின்னழுத்தத்தைக் குறைக்க வேண்டும். ஓர் எல்லைக்குக் கீழே அது கிளம்பாமல் நின்றுவிடும். மதர்போர்டின் ஒரு ஃபேன் இணைப்பு வழக்கமாக 1 ஆம்பியர் வரை தாங்கும். ஃபேனின் லேபிளில் 0.14 ஆம்பியர் என்று இருந்தால் மூன்றுக்கும் 0.42, பிரிப்பு ஒயர் போட்டு ஒரே இணைப்பில் கொடுத்துவிடலாம். ஆர்க்டிக்கின் பி12 பிஎஸ்டி போன்ற வகைகளில் ஒரு ஃபேனின் ஒயரிலேயே அடுத்த ஃபேனைக் கோத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. ஐந்தாறு ஃபேன் அல்லது அதிவேக ஃபேன் என்றால் பவர் சப்ளையின் சாட்டா இணைப்பிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஹப் (பல ஃபேன்களை ஒன்றாக இணைக்கும் பலகை) வாங்குங்கள். பிரிப்பு ஒயரில் ஒரே ஒரு ஃபேனின் வேகம் மட்டும் மதர்போர்டுக்குத் தெரியவரும். மற்ற கிளைகளில் வேகத்தைச் சொல்லும் மூன்றாவது கம்பி இல்லாதது தயாரிப்புக் குறை அன்று. பம்பை மட்டும் இந்தக் கும்பலில் சேர்க்காமல் தனி இணைப்பில் வையுங்கள்.

படி 8: வேகத்தைத் தண்ணீர் தீர்மானிக்கட்டும்

நல்ல ஃபேன் வாங்கியும் சத்தம் குறையவில்லை என்பவர்களில் பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். மதர்போர்டு இயல்பாக ஃபேனைப் பிராசசர் வெப்பநிலையோடு கட்டிப்போட்டிருக்கும். ஒரு வலைப்பக்கத்தைத் திறந்தால்கூடப் பிராசசர் ஒரு நொடியில் 20 டிகிரி துள்ளும், ஃபேன் ‘உர்ர்’ என்று எழும், மறு நொடி அடங்கும். தண்ணீர் அப்படித் துள்ளாது. ஒரு லிட்டர் தண்ணீர் உள்ள லூப்பில் 300 வாட்டைக் கொட்டி, ஃபேனையே நிறுத்திவைத்தாலும் நிமிடத்துக்கு நாலரை டிகிரிக்கு மேல் ஏறாது. அந்த அவகாசத்தில் ஃபேன் நிதானமாக வேகம் எடுக்கலாம்.

கஸ்டம் லூப்பில் ஜி1/4 புரி கொண்ட வெப்ப உணரி ஒன்றை மாட்டி, மதர்போர்டில் இருக்கும் இரண்டு ஊசி வெப்பநிலை இணைப்பில் கொடுங்கள். பெரும்பாலும் 10 கிலோ ஓம் உணரிதான் பொருந்தும். வாங்கும் முன் மதர்போர்டுக் கையேட்டில் சரிபாருங்கள். ஏஐஓ சிலவற்றில் தண்ணீர் வெப்பநிலை அதன் மென்பொருளிலேயே தெரியும். எதுவும் இல்லாவிட்டால் பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) ஃபேன் வேகம் மாறுவதற்கான தாமதத்தை அதிகபட்சம் வையுங்கள். விண்டோஸில் ஃபேன் கன்ட்ரோல் என்ற இலவச மென்பொருளில் வெப்பநிலையின் சராசரியை எடுத்து அதன்படி ஓட்ட முடியும்.

இப்போது எந்த வேகம் போதும் என்று கண்டுபிடியுங்கள். கனமான வேலையை ஓடவிட்டு, ஃபேனை 600 சுற்றில் நிலைநிறுத்தி, தண்ணீர் வெப்பநிலை ஏறாமல் நிற்கும் வரை 20, 30 நிமிடம் பொறுத்து, அறை வெப்பநிலையோடு சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 800, 1,000, 1,200, 1,500. அறையைவிடத் தண்ணீர் எத்தனை டிகிரி கூடுதல் என்பதைத்தான் ஒப்பிட வேண்டும். தொடக்கத்தில் ஒவ்வொரு படிக்கும் நன்றாக இறங்கும், பிறகு இறக்கம் ஒரு டிகிரி அரை டிகிரி என்று சுருங்கும். அந்தத் திருப்பம் வரும் இடமே உங்கள் உச்ச வேகம். அதற்கு மேல் வாங்குவது சத்தத்தை மட்டும்தான்.

25 டிகிரி அறைக்கு ஒரு தொடக்க அமைப்பு: தண்ணீர் 30 டிகிரி வரை 500 சுற்று, 35-இல் 800, 40-இல் 1,100, 45-ஐத் தாண்டினால் முழு வேகம். அறை 32 டிகிரி என்றால் ஒவ்வொரு வெப்பநிலையோடும் 7 கூட்டிக்கொள்ளுங்கள். 1,000 சுற்றில் முனகல் இருந்தால், 950-இலிருந்து 1,050-க்கு நேராகத் தாவும்படி அந்த இடத்தில் கோட்டைச் செங்குத்தாக வரைந்துவிடுங்கள்.

சத்தம் இன்னும் இருந்தால்

எதிலிருந்து வருகிறது என்று தெரியாமல் எதையும் மாற்றாதீர்கள். தாளைச் சுருட்டிக் குழலாக்கி ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு ஃபேன் பக்கமும் கொண்டுபோங்கள். ஃபேன்களை ஒவ்வொன்றாகச் சிறிது நேரம் கழற்றிவிட்டும் பார்க்கலாம்.

எல்லா ஃபேனையும் குறைத்த பிறகும் சீரான ரீங்காரம் நின்றால் அது பம்ப். அதன் வேகத்தை 60, 70 சதவீதத்துக்கு இறக்கிப் பாருங்கள். சலசலவென்று தண்ணீர் ஓடும் ஓசை காற்றுக் குமிழி; கணினியை இருபுறமும் மெல்லச் சாய்த்தால் பெரும்பாலும் ஒதுங்கிவிடும். ஏஐஓவில் பம்ப் உள்ள பகுதி லூப்பின் உச்சியில் இருந்தால் குமிழி அங்கேயே திரும்பத் திரும்ப வந்து சேரும், ரேடியேட்டரின் உச்சி பம்பைவிட உயரத்தில் இருக்கும்படி மாற்ற வேண்டும். பக்கத் தகட்டில் உள்ளங்கையை வைத்து அழுத்தினால் ஓசை அடங்குகிறதா? அது அதிர்வு, ரேடியேட்டரும் கணினிப் பெட்டியும் சேரும் இடத்தில் ரப்பர் வளையம் போடுங்கள். ஃபேனைக் கழற்றிக் கையில் பிடித்து ஓடவிட்டாலும் டிக் டிக் என்று கேட்டால் பேரிங் அல்லது மோட்டார். உத்தரவாதத்தில் மாற்றிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

பல மாதங்கள் அமைதியாக இருந்துவிட்டு மெல்ல மெல்லச் சத்தம் கூடினால் ஃபின்னில் தூசி. தள்ளும் அமைப்பில் ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே அது கம்பளம்போல் படிந்திருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஃபேனைக் கழற்றி, காற்று வழக்கமாகப் போகும் திசைக்கு எதிர்த்திசையில் ஊதுங்கள். ஃபேனையே ஊதுவதானால் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பலமான காற்றில் கட்டற்றுச் சுற்றினால் பேரிங் கெடும்.